பைனாப்பிள் புட்டிங் செட்டே ஆகல, மேங்கோ மணல் மாதிரி ஆயிடுச்சு... ஞாயித்துக்கிழமை ஏற்காடு கொண்டு போகணும், யாராச்சும் காப்பாத்துங்க

செவ்வாப்பேட்டை_பொண்ணு

வணக்கம் மக்களே, ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்ப தலைக்கு மேல போனதுக்கு அப்புறம் எழுதுறேன். வர்ற ஞாயித்துக்கிழமை ஏற்காட்டுல நாத்தனார் வீட்டுல மாமனாருக்கு எழுபது முடியுதுன்னு சின்னதா ஒரு விசேஷம், ஒரு இருபத்தஞ்சு பேர் இருப்போம். எல்லாரும் ஆளுக்கு ஒண்ணு எடுத்துட்டு வர்றதா பேச்சு, நான் வாய வச்சிட்டு சும்மா இல்லாம "ஸ்வீட் நான் பாத்துக்கறேன், ஜில்லுனு க்ரீமியா பழம் போட்டு ஏதாச்சும் செய்றேன்"னு சொல்லிட்டேன். அவங்களும் லட்டு ஆர்டர கேன்சல் பண்ணிட்டாங்க. போச்சு.

முதல் ட்ரையல் பைனாப்பிள். நல்ல பழமா வாங்கி மிக்ஸில அடிச்சு வடிகட்டி, ஜெலட்டின் பாக்கெட்ல சொன்ன அளவுக்கு சுடுதண்ணில கரைச்சு, ஃப்ரெஷ் க்ரீம், சர்க்கரை எல்லாம் கலந்து ராத்திரி பூரா ஃப்ரிட்ஜ்ல வச்சேன். காலைல எடுத்தா ரசம் மாதிரி ஓடுது. சரி குடிச்சாவது பாக்கலாம்னு வாயில வச்சா கசப்பு!! ராத்திரி கலக்கறப்ப ருசி பாத்தேன், நல்லா தான் இருந்துச்சு. வீட்டுக்காரர் "இதுக்கு பேரு பைனாப்பிள் மோரா"ன்னு கேட்டுட்டு ஆபீஸ் போயிட்டார்.

அப்புறம் தான் மாமியார் ஞாபகம் வந்துச்சு, அவங்க சுத்த சைவம், ஜெலட்டின் ஆகாது. அதனால ரெண்டாவது ட்ரையல் கடல்பாசி (அகர் அகர்) வாங்கிட்டு வந்து மல்கோவால செஞ்சேன். ஃப்ரிட்ஜ்ல இருந்த மாம்பழக் கூழ், ஃப்ரிட்ஜ்ல இருந்த க்ரீம், அதுல கொதிக்க கொதிக்க கடல்பாசி தண்ணிய ஊத்தி கலக்குனேன். கைய எடுக்கறதுக்குள்ள அங்கங்க ரப்பர் மாதிரி துண்டு துண்டா ஆயிடுச்சு, மிச்சமெல்லாம் மணல் மணலா. இன்னொண்ணு, இந்த ஃப்ரெஷ் க்ரீம பீட்டர்ல இருபது நிமிஷம் அடிச்சேன், நுரை கூட ஒழுங்கா வரல.

எங்க தப்பு பண்றேன்? சேலத்துல இப்ப அடிக்கிற வெயில்ல செஞ்சு கார்ல மேல கொண்டு போகணும், அதையும் மனசுல வச்சு சொல்லுங்க ப்ளீஸ்.

அடுப்படி_என்ஜினியர்

அக்கா மொதல்ல பைனாப்பிள பத்தி சொல்றேன், அதுல உங்க மேல தப்பு இல்ல, பழத்து மேல தான்.

மட்டன் சீக்கிரம் வேகணும்னு பப்பாளிக்காய அரைச்சு போடுவோம்ல? கறிய பஞ்சு மாதிரி ஆக்கிடும். அந்த மாதிரி வேலைய பைனாப்பிளும் செய்யும். பப்பாளில இருக்கற என்சைம் பேரு பப்பெய்ன், பைனாப்பிள்ல இருக்கறது ப்ரோமெலெய்ன், ரெண்டுக்கும் தொழில் ஒண்ணு தான், புரோட்டீன வெட்டி துண்டாக்கறது. ஜெலட்டின் எதுல இருந்து வருது? மாட்டுத்தோல், பன்னித்தோல், எலும்பு இதுல இருந்து எடுக்கற புரோட்டீன். அது நீள நீளமா வலை மாதிரி பின்னிக்கிட்டா தான் தண்ணிய பிடிச்சு வச்சு செட் ஆகும். நீங்க பச்சை பைனாப்பிள் ஜூஸ ஊத்துனதும் அது உக்காந்து ராத்திரி பூரா அந்த வலைய அறுத்துட்டு இருந்திருக்கு. நீங்க ஒரு கிலோ ஜெலட்டின் போட்டாலும் கதை இதே தான்.

கசப்பும் அதே கேஸ் தான். க்ரீம்ல இருக்கற பால் புரோட்டீனையும் அது விடாது. பால் புரோட்டீன் சின்ன சின்ன துண்டா உடையறப்ப அதுல சிலது கசக்கும். ராத்திரி கலந்தவுடனே ருசி பாத்தப்ப நல்லா இருந்ததுக்கும் காலைல கசந்ததுக்கும் காரணம் இவ்வளவு தான், அதுக்கு டைம் குடுத்துட்டீங்க. பப்பாளி மில்க்ஷேக் போட்டு உடனே குடிச்சா ஓகே, வச்சிருந்து குடிச்சா கசக்கும்னு சொல்வாங்களே அதே மேட்டர். கிவி, அத்திப்பழம் இதெல்லாமும் இந்த கோஷ்டி தான்.

தீர்வு ரொம்ப சிம்பிள், பைனாப்பிள வேக வச்சிடுங்க. பொடியா நறுக்கி சர்க்கரை போட்டு நல்லா கொதி வந்து ஒரு எட்டு பத்து நிமிஷம், துண்டோட நடுவுல வரைக்கும் சூடு ஏறணும், என்சைம் செத்துடும். ஆற வச்சு அப்புறம் க்ரீம்ல கலங்க. கேசரிக்கு பைனாப்பிள் போடறப்ப எப்பவாச்சும் கசந்திருக்கா? டின் பைனாப்பிள் வாங்குனா அந்த வேலையும் இல்ல, டின்ல அடைக்கறப்பவே சூடு பண்ணிடுவாங்க. பேக்கரி கேக்ல எல்லாம் டின் பைனாப்பிள் போடறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

கடல்பாசி மேட்டர் எனக்கு தியரி தான் தெரியும், கை பழக்கம் இல்ல, மலை மேல இருக்கற அக்கா வந்து சொல்லுவாங்க.

மலைமேல_மிளகு

கூப்ட்டாச்சு வந்தாச்சு 😀 ஏற்காட்டுல இருந்து தான் எழுதறேன், வீட்ல இருந்தே கேக், புட்டிங் ஆர்டர் எடுக்கறேன், பெரிசா இல்ல, சீசன்ல மட்டும்.

தங்கம், கடல்பாசிய ஜெலட்டின் மாதிரி நெனச்சிட்ட, அங்க தான் கோட்டை விட்டுட்ட. ஜெலட்டின் ஃப்ரிட்ஜ்ல வச்சா தான் மெதுவா இறுகும். கடல்பாசி அப்படி இல்ல, 40 டிகிரி பக்கம் வந்தாலே இறுக ஆரம்பிச்சிடும், அதாவது நம்ம கைக்கு வெதுவெதுன்னு இருக்கறப்பவே. நீ என்ன பண்ணிருக்க, ஃப்ரிட்ஜ்ல இருந்த கூழ்ல சூடா ஊத்திருக்க. ஊத்துன எடத்துலயே அது இறுகி ரப்பராகி, நீ கரண்டிய போட்டு கலக்க கலக்க அது உடைஞ்சு உடைஞ்சு மணல் ஆயிருக்கு. மூஸ் மாதிரி அடிச்ச க்ரீம்ல கடல்பாசி ஊத்தறது எனக்கே இன்னும் சரியா வராது, அத விட்டுடு. பன்னகோட்டா மாதிரி பண்ணு. அந்த இட்டாலி பேர கேட்டு பயப்படாத, பாலும் க்ரீமும் சூடு பண்ணி செட் பண்றது, அவ்வளவு தான். க்ரீம அடிக்கவே வேணாம்.

அடிச்சும் நுரை வரலன்னு சொன்னியே, பாக்கெட்ட திருப்பி பாரு, 25% கொழுப்புன்னு போட்டிருக்கும். அடிச்சு நிக்கணும்னா முப்பதுக்கு மேல கொழுப்பு வேணும், முப்பத்தஞ்சுனா நிம்மதி, அதுவும் கிண்ணம், பீட்டர் கம்பி எல்லாம் ஜில்லுனு இருக்கணும். மே மாசம் சேலம் சமையக்கட்டுல நின்னு 25% க்ரீம அடிச்சா கை தான் வலிக்கும். ஆனா நான் சொல்றதுக்கு அந்த க்ரீமே போதும்.

இருபத்தஞ்சு பேருக்கு, ஆளுக்கு ஒரு 100 மிலி கப்பு கணக்கு:

பால் 700 மிலி (தண்ணி ஊத்தாத நல்ல பால்), தண்ணி 300 மிலி, ஃப்ரெஷ் க்ரீம் அரை லிட்டர், மாம்பழக் கூழ் ஒரு லிட்டர், சர்க்கரை ஒரு 200 கிராம் (பழத்த பாத்து கூட்டி குறைச்சுக்கோ), கடல்பாசி பவுடர் 10 கிராம். ஸ்பூன் கணக்கு வேணாம், தராசுல நிறுத்துக்கோ, கடல்பாசில ரெண்டு கிராம் கூடுனா கூட கத்தி போட்டு வெட்டற மாதிரி ஆயிடும்.

செய்முறை: 300 மிலி பச்சைத்தண்ணில பவுடர தூவி கலக்கி அடுப்புல வை. கொதி வந்ததுக்கு அப்புறம் சின்ன தீயில மூணு நாலு நிமிஷம், கலக்கிட்டே இரு, கரண்டில எடுத்தா ஒரு துகள் கூட தெரியக்கூடாது. நிறைய பேர் சூடானதும் எறக்கிடறாங்க, பாசி கரையறதுக்கு 85 டிகிரிக்கு மேல வேணும். இங்க மலை மேல 1500 மீட்டர்ல தண்ணியே 95 டிகிரில கொதிச்சிடும், அதனால நான் இன்னும் ரெண்டு நிமிஷம் சேத்து கொதிக்க விடுவேன், கீழ உனக்கு அது வேணாம். பக்கத்து அடுப்புல பால் சர்க்கரையோட கொதிச்சு ரெடியா இருக்கணும், பாசி தண்ணிய அதுல ஊத்து, எறக்கு, க்ரீம ஊத்து. க்ரீம் ஃப்ரிட்ஜ்ல இருந்து நேரா வரக்கூடாது, ஒரு மணி நேரம் முன்னாடியே வெளில எடுத்து வச்சிடு.

இப்ப மாம்பழம். கூழ கொதிக்க வைக்கவே கூடாது, வாசனை போய் ஜாம் மாதிரி ஆயிடும். கூழ் இருக்கற பாத்திரத்த சுடுதண்ணி பாத்திரத்துக்குள்ள பத்து நிமிஷம் வச்சு வெதுவெதுப்பாக்கு. அப்புறம் பால் கலவைய கொஞ்சம் கொஞ்சமா கூழ்ல ஊத்தி விஸ்க்ல கலக்கி, வடிகட்டி, ஆற விடாம உடனே கப்புல ஊத்திடு. நின்னு போன் பேசிட்டு இருந்தீனா பாத்திரத்துலயே செட் ஆயிடும், அனுபவம்.

ஒண்ணு முக்கியம், பழம் புளிப்பா இருந்தா சூடான பால் திரிஞ்சிடும். நல்லா பழுத்த இனிப்புப் பழம் மட்டும். ஊத்தறதுக்கு முன்னாடி ஒரு ஸ்பூன் எவர்சில்வர் தட்டுல விட்டு ஃப்ரிட்ஜ்ல அஞ்சு நிமிஷம் வச்சு பாரு, அல்வா மாதிரி ஆடுனா சரி, ரப்பரா இருந்தா சூடான பால் கொஞ்சம் சேத்துக்கோ.

செவ்வாப்பேட்டை_பொண்ணு

அக்கா நீங்க தெய்வம். என்ஜினியர் தம்பி, மட்டன் கதைய வீட்டுக்காரர்கிட்ட படிச்சு காட்டுனேன், "அப்ப பைனாப்பிள் போட்டு மட்டன் செய்"ங்கறார், இவர என்ன பண்றது.

டவுட்டு: என்கிட்ட இருக்கறது பவுடர் இல்ல, நூல் நூலா இருக்கற கடல்பாசி. அப்புறம் கார்ல ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும், உருகிடாதா? ஊர்ல அடிக்கிற வெயிலுக்கு கார் கதவ தொட்டாலே கை பழுத்துடுது.

மலைமேல_மிளகு

நூல் பாசினா அரை மணி நேரம் ஊற வச்சு பிழிஞ்சிட்டு தண்ணில போட்டு கொதிக்க வை, பவுடர விட டைம் கூட ஆகும், கட்டாயம் வடிகட்டு. பால்ல நேரா போட்டா சீக்கிரத்துல கரையாது. ஆனா நூல் பாசி ஒவ்வொரு பாக்கெட்டும் ஒவ்வொரு மாதிரி இறுகும், தட்டு டெஸ்ட் பண்ணாம ஊத்தாத. பவுடர் கெடச்சா வாங்கிடு, பேக்கரி சாமான் கடைல கிடைக்கும்.

உருகற பயமே வேணாம். ஜெலட்டினா இருந்தா அடிவாரம் தாண்டறதுக்குள்ளயே அழுதிருக்கும், வாயில வச்சாலே கரையற ஐட்டம் அது. கடல்பாசி ஒரு தடவ இறுகுனா 85 டிகிரி வராம திரும்ப உருகாது. ஆனா அத நம்பி வெளில வச்சுக்கிட்டு வராத, உருகாதே ஒழிய பாலும் க்ரீமும் கெட்டுப்போகும். இந்த சூட்டுல ஒரு மணி நேரத்துக்கு மேல ஐஸ் இல்லாம பால் ஐட்டம் வைக்கக் கூடாது. மீன் வாங்கறதுக்கு வச்சிருப்பாங்களே தெர்மாகோல் டப்பா, புதுசா ஒண்ணு வாங்கி (புதுசா!!) அடியில ஐஸ் பேக், மேல கப்பு, மறுபடி ஐஸ் பேக். இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கு, கப்புங்க நடுவுல துணிய திணி, வாய் நிறைய ஊத்தாத.

அப்புறம் எங்க வீட்டு வேலில பேஷன் ஃப்ரூட் கொடி படர்ந்திருக்கு, தாட்பூட் பழம்னு சொல்வோமே அதே தான். அத வச்சு பாசியும் வேணாம் ஜெலட்டினும் வேணாம்னு ஒண்ணு செய்யலாம். ப்ரேசில்காரங்க வீட்டுக்கு வீடு செய்றது: ஒரு டின் கண்டென்ஸ்டு மில்க், அதே டின்னால ஒரு அளவு கெட்டி க்ரீம், அதே டின்னால ஒரு அளவு பேஷன் ஃப்ரூட் ஜூஸ், மிக்ஸில ஒரு சுத்து, ஃப்ரிட்ஜ். அந்த புளிப்பு பட்டதும் பால் புரோட்டீன் தானா கெட்டியாகும், தயிர் உறையற மாதிரின்னு வச்சுக்கோயேன். புளிப்பு இல்லாத மாம்பழத்துக்கு இது சரியா வராது, எலுமிச்சை பிழியணும். எனக்கு அது மாம்பழத்த கெடுக்கற மாதிரி தோணும், செய்றவங்க செய்யட்டும்.

குச்சிக்கிழங்கு

எல்லாம் சரிம்மா, ஒரு விசயம் கேக்கறேன் கோவிச்சுக்காதீங்க. சேலத்துல உக்காந்துக்கிட்டு க்ரீம் புட்டிங்குக்கு ஏன் இட்டாலிக்கும் ப்ரேசிலுக்கும் போறீங்க? நம்மூர் மாம்பழத்தையும் நம்மூர் ஜவ்வரிசியையும் சேத்து ஹாங்காங்காரன் மேங்கோ சேகோன்னு ஒண்ணு பண்ணி ஊரெல்லாம் விக்கறான். சேகோ ஃபேக்டரி தெருவுக்கு தெரு இருக்கற ஜில்லாவுல, 1981ல சேகோசர்வ்னு கூட்டுறவு சங்கமே வச்ச ஊர்ல பொறந்துட்டு ஜவ்வரிசிய பாயாசத்துக்கும் வடகத்துக்கும் மட்டும் வச்சிருக்கோம். எங்கப்பா மரவள்ளி லாரிக்கு லோடு ஏத்துனவர், அந்த ஆதங்கத்துல சொல்றேன்.

கடைல நைலான் ஜவ்வரிசின்னு கேளுங்க, கண்ணாடி மாதிரி இருக்கும். மாவு ஜவ்வரிசி வாங்கிடாதீங்க, அது வடகத்துக்கு, இதுல போட்டா கூழாகிடும். கால் கிலோ ஜவ்வரிசிக்கு மூணு லிட்டர் தண்ணி தாராளமா கொதிக்க விட்டு, கொதிக்கற தண்ணில தான் போடணும், பச்சைத்தண்ணில போட்டா கரைஞ்சு பசை. பன்னண்டு பதினஞ்சு நிமிஷம், நடுவுல ஒரு வெள்ளைப் பொட்டு மட்டும் மிச்சம் இருக்கறப்ப அடுப்ப அணைச்சு மூடி வச்சிடுங்க, அந்த சூட்டுலயே பொட்டு மறைஞ்சிடும். வடிகட்டி ஐஸ் தண்ணில நல்லா அலசுங்க, மேல இருக்கற கொழகொழப்பு போகணும்.

அப்புறம் மாம்பழக் கூழ், கெட்டித் தேங்காப்பால் முதல் பால், கொஞ்சம் கண்டென்ஸ்டு மில்க், ஒரு சிட்டிகை உப்பு (விட்ராதீங்க, உப்பு தான் இதுக்கு உயிரு), பொடியா வெட்டுன மாம்பழத் துண்டு. அடுப்பே கிடையாது, செட் ஆகுமா ஆகாதான்னு தூக்கம் கெட வேணாம். கரண்டில மொண்டு கிண்ணத்துல ஊத்த வேண்டியது தான்.

ஒரே ஒரு குறை, ஜவ்வரிசிய முந்தின நாளே கலந்து ஃப்ரிட்ஜ்ல வச்சா மறுநாள் நடுவுல கட்டியா கடுக்குன்னு ஆயிடும். மாம்பழக் கலவைய மட்டும் ஜில்லுனு கொண்டு போய், ஜவ்வரிசிய மேல போய் காலைல வேக வச்சு கலந்துக்கோங்க.

சின்னக்கடை_மண்டி

பழத்த பத்தி ஒருத்தரும் பேசலயே. எல்லாரும் "மாம்பழக் கூழ் ஒரு லிட்டர்"னு எழுதிட்டு போறீங்க, எந்த மாம்பழம்? நான் பழ யாவாரத்துல இருக்கறவன், ரெண்டு வார்த்தை சொல்லிக்கறேன்.

மல்கோவா உருண்டையா கனமா இருக்கும், நார் கிடையாது, அரைச்சா வடிகட்டவே வேணாம், இந்த மாதிரி க்ரீம் ஐட்டத்துக்கு அது தான் ராஜா. இமாம் பசந்த் கிடைச்சா அதுவும் ஜோரு, தோல் மெல்லிசு, வெல அதிகம், அரைக்க மனசு வராது, துண்டு போட்டு சாப்பிட வச்சுக்கோங்க. செந்தூரா கலர் தான் ஆள ஏமாத்தும், பால்ல கலந்தா வாசனை எடுபடல, இது என் அபிப்பிராயம், செந்தூரா பிரியருங்க அடிக்க வராதீங்க. கிளிமூக்குன்னு நாம சொல்ற பெங்களூரா, அது கூழ் ஃபேக்டரிக்கு போற பழம், கிருஷ்ணகிரி பக்கம் டின்ல அடைக்கறதுல நிறைய அது தான். தனியா போட்டா சப்புனு இருக்கும், மல்கோவா அதிக இனிப்பா இருந்தா நாலுல ஒரு பங்கு இத கலந்தா தூக்கி குடுக்கும். ஆனா அந்த அக்கா சொன்ன மாதிரி புளிப்பா இருக்கறத சூடான பால்ல போட்றாதீங்க.

காம்பு பக்கத்துல மோந்து பாருங்க. அங்க வாசனை வரலன்னா தோல் எவ்ளோ மஞ்சளா இருந்தாலும் வேணாம், கல்லு வச்சு பழுக்க வச்சதா இருக்கும். கார்பைட் கல்லு தடை பண்ணது தான், இருந்தாலும் அங்கங்க ஓடுது. அதுல உள்ள வெள்ளையா புளிப்பா இருக்கும், உங்க பாலும் திரியும், மாமியார் மூஞ்சியும் திரியும். புதன்கிழமையே முக்கால் பழமா வாங்கி வைக்கோல்ல வச்சிடுங்க, சனிக்கிழமைக்கு சரியா இருக்கும். தோலும் கொட்டையும் போனா பாதிக்கு கொஞ்சம் கூட தான் கூழ் தேறும், ஒரு லிட்டர் கூழுக்கு ரெண்டு கிலோவா வாங்குங்க. ரெண்டு பழம் எப்படியும் வழில காணாம போகும், அத கணக்குல வச்சுக்கோங்க.

அடுப்படி_என்ஜினியர்

"மாமியார் மூஞ்சியும் திரியும்" 😂😂 அண்ணே!

அக்கா ஒண்ணு விட்டுட்டேன், கடல்பாசி கடல் பாசில இருந்து வர்றது, அது புரோட்டீனே இல்ல, மாவுச்சத்து சாதி. அதனால பைனாப்பிள் என்சைம் அத ஒண்ணும் பண்ண முடியாது, பச்சையா போட்டாலும் செட் ஆகும். ஆனா பால் சேத்தீங்கனா கசப்பு வரத்தான் செய்யும், அதனால வேக வச்சே போடுங்க. கடைல வாங்கற ஜெல்லி, மார்ஷ்மெல்லோ எல்லாம் பச்சைப் புள்ளி இருக்கான்னு பாத்து வாங்குங்க மாமியாருக்கு, பழுப்பு குறி இருந்தா ஜெலட்டின்னு அர்த்தம் வச்சுக்கலாம்.

செவ்வாப்பேட்டை_பொண்ணு

அப்டேட்!! ஞாயிறு முடிஞ்சு இன்னிக்கு தான் உக்காந்தேன்.

மிளகு அக்கா கணக்குல மல்கோவா பன்னகோட்டா, பவுடர் பாசி 10 கிராம் தராசுல நிறுத்து. தட்டு டெஸ்ட்ல மொதல்ல கொஞ்சம் ரப்பரா தான் வந்துச்சு, ஒரு டம்ளர் சூடான பால் சேத்தேன், அப்புறம் ஊத்துனா சும்மா நடுங்குது. கப்பு மொத்தம் இருபத்தேழு வந்துச்சு, ரெண்டு ராத்திரியே காலி, யாருன்னு கேக்காதீங்க. பைனாப்பிள வேக வச்சு சர்க்கரைப் பாகோட ஒரு ஸ்பூன் மேல போட்டேன், கசக்கல, தம்பிக்கு ஒரு சல்யூட்.

மேல ஏறறப்ப பதிமூணாவது வளைவா பதினாலாவதான்னு தெரியல, எதிர்ல பஸ் வந்து இவர் சடார்னு ப்ரேக் போட்டார், டப்பா சீட்ல இருந்து கீழ கவுந்துடுச்சு. எனக்கு மூச்சே நின்னு போச்சு. தொறந்து பாத்தா நாலு கப்பு தலைகீழா கெடக்கு, உள்ள இருக்கறது அசையல! அப்படியே நிமித்தி வச்சேன், மேல இருந்த பைனாப்பிள் மட்டும் இடம் மாறியிருந்துச்சு.

குச்சிக்கிழங்கு அண்ணா உங்களுக்காக ஒரு சின்ன பாத்திரத்துல மேங்கோ சேகோவும் ட்ரை பண்ணேன், அங்க போய் ஜவ்வரிசி வேக வச்சு. சத்தியமா சொல்றேன் பசங்க எல்லாம் அதுக்கு தான் அடிச்சுக்கிட்டாங்க, நான் ராத்திரி பதினொரு மணி வரைக்கும் நின்னு செஞ்ச பன்னகோட்டாவ பெரியவங்க தான் சாப்பிட்டாங்க. மாமனாருக்கு சுகர், ஒரு கப்பு தான்னு நாத்தனார் சொல்லிட்டே இருந்தாங்க, அவர் காலி கப்ப பேரன் தட்டுல வச்சிட்டு ரெண்டாவது எடுத்துட்டார், நான் பாத்தேன், சொல்லல.

மாமியார் ஒரு ஸ்பூன் வாயில வச்சிட்டு "இதுல முட்டை இல்லல்ல"ன்னு கேட்டாங்க, இல்லத்தைனு சொன்னேன், பேசாம முழுசும் சாப்பிட்டாங்க. எங்க வீட்ல அது பெரிய சர்டிஃபிகேட்டு.

மிளகு அக்கா, உங்க வேலில இருக்கற தாட்பூட் பழம் எப்ப பழுக்கும்? அடுத்த தடவ வர்றப்ப ரெண்டு கிலோ மல்கோவா கொண்டு வரேன், மாத்திக்கலாம்.

மலைமேல_மிளகு

தோல் சுருங்கி தானா கீழ விழுந்தா தான் பழம், பறிச்சா புளிக்கும். இப்ப காய் தான் தொங்குது, விழ ஆரம்பிச்சதும் மெசேஜ் போடறேன். மல்கோவா மூணு கிலோவா கொண்டு வா, மண்டி அண்ணன் சொன்னாரே, ரெண்டு பழம் வழில காணாம போகும்னு.